முப்பத்திரண்டு சாமான்

"குடை?"

"இருக்கு."

"பாய்?"

"விரிச்சாச்சு."

"ஃபிளாஸ்க், மாத்துத் துணி, கொசுவலை, பவுடர்?"

"இருக்கு, இருக்கு, இருக்கு, இருக்கு. மொத்தம் முப்பத்திரண்டு சாமான். எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சுக்கா."

கடற்கரை மணலில் நின்றுகொண்டு, கையில் பட்டியலோடு, தம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அவன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒரு தடவை சங்கை ஊதி, இல்லாத தீக்குப் பயந்து முந்நூறு பேரை மாடியிலிருந்து ஓட வைத்து, பட்டியலைப் பார்த்துத் தலை எண்ணுவது அவன் உத்தியோகம். அங்கே அவன் பெரிய ஆள். வீட்டில் அந்தப் பருப்பு வேகவில்லை.

"போன மாசம் தடுப்பூசிக்கும் இப்படித்தான் டிக் போட்ட," என்றாள் அக்கா. "ஃபைலை எடுத்த, பால் பாட்டிலை எடுத்த, கிலுகிலுப்பையைக்கூட மறக்கலை. பிள்ளையை மட்டும் கட்டில்லயே விட்டுட்டு, ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த."

"அதையே எத்தனை நாளைக்குக்கா சொல்லிக் காட்டுவ?"

"அவ கல்யாணம் வரைக்கும்."

அக்கா குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் டாக்டர்களே எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வருவார்கள். குழந்தை பிறந்தபின் முதல் தடவையாகக் கடலோரத்தில் மூன்று நாள் தங்கப் போகிறோம் என்று தம்பி சொன்னதுமே, அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நேற்று வந்து இறங்கியதும் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் உன் பொறுப்பு. ஒழுங்கா முடிச்சா, பிள்ளை அலையில கால் நனைக்கலாம். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் மத்தியான பஸ்ஸுக்கு மூட்டை கட்டிடணும். அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் அப்புறம் கடல் பேச்சே கூடாது."

"அண்ணி சொன்னா சரி" என்று மனைவியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். பாவம், நாலு மாதத் தூக்கம் பாக்கி அவளுக்கு. மேலே விடுதி அறையிலேயே இருந்துகொண்டாள். மகளைத் தூக்கிக்கொண்டு அலையில் நிற்க வேண்டும் என்று அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆசைப்பட்டவன் தம்பி. ராத்திரியே உட்கார்ந்து பட்டியல் எழுதிவிட்டான்.

பாயில் பிரம்புக் கூடை. கூடைக்குள் இளஞ்சிவப்புத் தொப்பியும் சால்வையுமாக மகாராணி.

பக்கத்துக் குடையிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன சமத்து! வந்ததுலேருந்து ஒரு சிணுங்கல்கூட இல்லையே. எத்தனை மாசம்?"

"நாலு."

"எடை?"

"ஆறு கிலோ," என்றான் தம்பி. "கரெக்டா ஆறு."

"முகத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"தொடாதீங்க! வெளியாள் யாரும் தொடக் கூடாதுன்னு விதி எழுதி வச்சிருக்கேன்."

அந்த அம்மாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அக்கா நோட்டில் ஏதோ குறித்தாள். மார்க்கா, கழித்தலா, தெரியவில்லை.

இன்னும் ஐந்தே நிமிடம்தான் இருந்தது. அப்போது பார்த்துப் பெரிய அலை ஒன்று வந்து பாயின் ஓரத்தை நக்கிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே அடுத்தது எழும்பியது.

"எல்லாரும் மேல போங்க! தள்ளாதீங்க! ஓடாதீங்க!" தம்பி தொழிற்சாலைக் குரலில் கத்தினான். குடையைப் பிடுங்கினான், பைகளை வாரினான், ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கினான், பாயையும் உருவிச் சுருட்டினான். போகிற போக்கில் பக்கத்து அம்மாளின் நாற்காலியையும் காப்பாற்றினான். மேட்டில் எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக எண்ணி முடித்தபோது முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை.

"முப்பத்திரண்டும் வந்தாச்சு! பவுடர் டப்பாகூட நனையலைக்கா!"

அக்கா நிதானமாகக் கேட்டாள். "உன் பட்டியல்ல பிள்ளை எத்தனாவது?"

அவன் விரல் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை இறங்கியது. மறுபடியும் மேலே ஏறியது. பட்டியலில் பிள்ளையே இல்லை.

"ஐயோ, குழந்தை!" என்று பக்கத்து அம்மாள் அலறினாள். அலை கூடையை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

தம்பிக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் குளத்தில்கூட முதல் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆசாமி. செருப்போடு, கடிகாரத்தோடு பாய்ந்தான். "அப்பா வந்துட்டேன்டி!" என்று கத்தினான். ஓர் அலை அவனை உருட்டியது, அடுத்தது உள்ளே அமுக்கியது. மூன்றாவது அலையில், கூடையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, உப்புத்தண்ணீரைத் துப்பியபடி கரையில் வந்து விழுந்தான்.

நனைந்த சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் விசும்பினான். "தோத்துட்டேன்கா. மூட்டை கட்டிடலாம். நான் ஒரு உருப்படாத அப்பா."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" பக்கத்து அம்மாள் அக்காவிடம் பாய்ந்தாள். "பச்சைக் குழந்தை தண்ணியில போகுது, நோட்டும் கையுமா வேடிக்கை பார்க்கிற!"

அக்கா நோட்டை மூடினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு விடுதி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மாடி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்கி வா! ஒத்திகை முடிஞ்சுது, உன் புருஷன் பாஸ். ஆறு கிலோ அரிசிக்கே நீச்சல் தெரியாம கடல்ல குதிச்சவன், பெத்த பிள்ளையை விட்டுடுவானா?"