நன்றி சொல்லி வைத்தவர்கள்

சரியாகப் பத்தரை மணிக்குக் கைதட்டல் தொடங்கியது. கால் சென்டரில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பதினேழாம் நம்பர் மட்டும் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் அவளுக்குத்தான்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. தரவு ஆய்வுப் பிரிவின் மேலாளர் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. அவரைப் பொறுத்தவரை அவள் திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு பச்சைக் கோடு. முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் 'கிராஃப்' என்றார்கள். தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

வீடுகளுக்கு இன்டர்நெட் தரும் கம்பெனி அது. புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் கத்துவார்கள், சபிப்பார்கள், படீரென்று போனை வைப்பார்கள். லட்சக்கணக்கான அழைப்புகளை அலசிய கிராஃபின் மென்பொருள், பதினேழிடம் பேசியவர்கள் மட்டும் குரல் குளிர்ந்து, நன்றி சொல்லி வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது.

அதிலிருந்து பிறந்தது 'ஆனந்த இணைப்பு' என்ற புதுச் சேவை. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், பதினேழைப் போலவே பேசப் பழகிய ஆள் உங்களிடம் பேசுவார்.

மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் அளக்கும். வார்த்தைகளையும் படிக்கவைத்தால் செலவு அதிகம். வேண்டாம் என்று அடித்துவிட்டவர் கிராஃப்தான்.

"ஒரே ஒரு தடவை ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவ பேசுறதைக் கேட்டுடுங்க சார்" என்று சூப்பர்வைசர் அம்மா போன வாரம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"காதை நம்பி வேலை பாக்குறது உங்க காலத்தோட போச்சும்மா. ஒட்டுக் கேக்குறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல."

இன்று அந்தச் சேவையின் தொடக்க விழா. முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா உங்க டிபார்ட்மென்டுக்குப் பூட்டுதான். பணத்தைக் கொட்டி அழுதது போதும்."

"சார், இவகிட்ட ஒரு தடவை பேசினவங்க மறுபடி புகார்னு கூப்பிட்டதே இல்ல. ஒருத்தர்கூட இல்ல!"

"ஆனா கனெக்‌ஷனை விட்டுட்டுப் போறவங்க கூடிக்கிட்டே போறாங்களே?"

"அது சேல்ஸ்காரங்க கையாலாகாத்தனம் சார். அந்தக் குப்பையை நான் கிளறுறதில்ல."

பதினேழை மேடைக்கு அழைத்தார். அவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், நான் என்ன பேசுவேன்னு உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லட்டுமா?"

"ஏன், தொழில் ரகசியமா?" கூட்டம் சிரித்தது. பாலின் விலை மாட்டுக்குத் தெரியவா போகிறது என்று கிராஃப் நினைத்துக்கொண்டார். "தினமும் கஸ்டமர்கிட்ட என்ன பேசுவியோ, அதைப் பேசு. ஒரு வார்த்தை மாத்தினாலும் உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

"அப்படியேவா சார்?"

"அப்படியே! காது கேக்காதா உனக்கு?"

அவள் சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா கூரையைப் பார்த்தார்.

முதலாளிக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. "நான்தான் கஸ்டமர்" என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். "ஏம்மா, நாலு நாளா நெட் வரல! அங்க என்னதான் புடுங்குறீங்க?"

கிராஃப் மென்பொருளை ஓடவிட்டார். பெரிய திரையில் கோடு சிவப்பாகத் துள்ளியது. "இப்ப பாருங்க, எப்படிப் பச்சையாகுதுன்னு!" என்றார், கைகளைக் கட்டிக்கொண்டு.

பதினேழு மைக்கை வாங்கினாள். கண்ணை மூடினாள். குரல் மாறியது, காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்ததுபோல.

"உங்க கோபம் நியாயம்தான் சார். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. இங்கேயிருந்து யாரும் வரப்போறதில்ல. போட்டிக் கம்பெனி நம்பர் தரேன், எழுதிக்கிறீங்களா?"