உதாரணத்தோடு நாலு வார்த்தை

குடையைப் பைக்குள் திணிக்கும்போது ஓர் அளவு நாடா வெளியே எட்டிப் பார்த்தது. டிக்‌ஷனரி மாஸ்டருக்கு அது போதும். வந்திருக்கும் அம்மாள் தையல்காரி என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார்.

அதுவும் டப்பாவுக்குள் சட்டென்று சுருண்டுகொள்ளும் இரும்பு நாடா. ‘ஒரு துணி நாடா வாங்க வக்கில்லை, இங்கிலீஷ் கேக்குது இங்கிலீஷ்’ என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

“மேல வர்றதுக்கு இந்த ஒரு படிதானா சார்?” மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள் அந்த அம்மாள்.

“ஏன், லிஃப்ட் வச்சுத் தூக்கிட்டு வரணுமா?”

முன் பெஞ்சில் இருந்த மாணவர்கள் கடனே என்று சிரித்தார்கள். மாஸ்டரின் ஜோக்குக்குச் சிரிப்பதும் பாடத்திட்டத்தில் சேர்த்தி.

மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகைதான் மாஸ்டரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். உள்ளே அப்பளம் பொரிக்கலாம், அவ்வளவு சூடு. ஆனாலும் மனுஷன் கோட்டைக் கழற்ற மாட்டார். கழற்றினால் பாதி இங்கிலீஷ் அதோடு போய்விடும்.

“உக்காரும்மா. முதல் கிளாஸ் ஃப்ரீ. என்ன படிச்சிருக்கேன்னெல்லாம் கேக்க மாட்டேன். பாத்தாலே தெரியுது.”

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நாலு வார்த்தை போதும் சார். அத்துமீறி நுழையறது, அடுத்தவங்க இடத்தை வளைச்சுப் போடறது, உடைச்சு நாசம் பண்றது, ரூல்ஸை மீறறது. இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல சரியான வார்த்தை வேணும். பக்கத்துப் பக்கத்து இடத்துத் தகராறு.”

மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓரகத்தியின் கொடியில் இவள் துணியைக் காயப்போட்டிருப்பாள், அவள் உருவி எறிந்திருப்பாள். இப்போது அவளை இங்கிலீஷில் திட்டியாக வேண்டும். இந்த மாதிரி ஜென்மங்களுக்கு ‘குட் மார்னிங்’கெல்லாம் எதற்கு? நேரே குடுமிப்பிடிதான்.

“எங்கிட்ட மனப்பாடம் கிடையாதும்மா. வார்த்தைக்கு ஒரு உதாரணம், அதுவும் என் சொந்த வாழ்க்கையில இருந்து. செத்தாலும் மறக்காது. எழுதிக்கோ, டிரஸ்பாஸ்.”

அந்த அம்மாள் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

“இந்தக் கொட்டகைக்குத் தூண் நடறதுக்காகப் பக்கத்து மாடிக்குள்ள ஏறிக் குதிச்சேன் பாரு, அது டிரஸ்பாஸ். நட்டுட்டு, அவன் மாடி மேலயே கூரையை இழுத்து விட்டேனே, அது என்க்ரோச்மென்ட். இப்ப நீ உக்காந்திருக்கியே, அதுவே அவன் இடம்தான்!”

அந்த அம்மாள் குனிந்து காலடியைப் பார்த்தாள். “இதுவா சார்?”

“பின்னே? நடுவுல இருந்த கைப்பிடிச் சுவரைக் கடப்பாரை போட்டு இடிச்சது வேண்டலிசம். தீப்பிடிச்சா இறங்கறதுக்குன்னு பின்னால ஒரு படி இருந்துச்சு. அதை அடைச்சு உடைஞ்ச பெஞ்சையெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். அது வயலேஷன்.”

தையல்காரியிடம் சொல்வதும் தையல் மிஷினிடம் சொல்வதும் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம்.

“யாரும் ஏன்னு கேக்கலியா சார்?”

“கேக்காம என்ன? பக்கத்து மாடிக்காரன் புகார் மேல புகார் குடுத்தான். ரெண்டு ஆபீசருங்க வந்தானுங்க. ‘விச் ரூல்? விச் செக்‌ஷன்?’னு இங்கிலீஷ்ல அவ்வளவுதான் கேட்டேன். பதில் சொல்ல நாக்கு புரளலை. ஏறின வேகத்துலயே இறங்கிட்டானுங்க.” மாஸ்டர் கோட்டின் காலரை நிமிர்த்திக்கொண்டார். “இப்ப மூணாவதா ஒருத்தன் வரப்போறானாம். இந்தக் கொட்டகை போனா நான் தெருவுலதான், அது நிஜம். ஆனா இதைப் பிரிக்கணும்னா அவன் முதல்ல வாயைத் திறக்கணுமே!”

மாணவர்கள் இந்த முறை நிஜமாகவே சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் உள்ளங்கையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மூடிக்கொண்டு நாலு வார்த்தையையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள்.

“பரவாயில்லையே! ஊசி கோக்கற கைக்கு இது ஜாஸ்தி.”

“உங்க உதாரணம் அப்படி சார். நான் என்ன தரணும்?”

“உங்கிட்டப் போய் ஃபீஸ் வாங்கவா? அந்த ஆபீசர் வர்றப்போ போட்டுக்க எனக்கு ஒரு புது கோட் தைச்சுக் குடு. பையிலதான் நாடா வச்சிருக்கியே, இப்பவே அளவெடு.”

“எடுத்துடறேன் சார்.”

மாஸ்டர் எழுந்து, இரண்டு கையையும் விரித்து, முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் நாடாவைச் சர்ரென்று இழுத்தாள். அது அவர் தோளைத் தொடவில்லை, மார்பைச் சுற்றவில்லை. விரித்த கைக்கு அடியில் புகுந்து, இடித்த சுவரின் அடித்தடத்திலிருந்து பக்கத்து மாடியில் நட்ட தூண்வரை நேராகப் போனது.

“இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க சார், என்க்ரோச்மென்ட் எத்தனை அடின்னு நோட்டீஸ்ல எழுதணும்.”