ஆக்டிங் புருஷன்

“ஒண்ணு, கவுன்சிலிங்ல உக்காருங்க. இல்லாட்டி நானும் நிலாவும் வாழப்பாடிக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறிருவோம்!”

தீபிகா சொன்ன தினுசில் விளையாட்டே இல்லை. புருஷன் கோகுல்ராஜ் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

சங்ககிரியில் நாலைந்து லாரிக்கு முதலாளி அவன். எதற்கும் தான் போகாமல் ஆள் அனுப்பியே பழகிய மகராசன். மகள் நிலாவின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு மேனேஜர் போவார். மச்சினன் கல்யாணத்தில் மொய்க்கவரோடு கணக்குப்பிள்ளை நின்றார். மாமியார் ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஆப்பிள் பையோடு கிளீனர் போய்ச் சேர்ந்தான். வீட்டில் அவன் பேச்சு ‘ஆமா’, ‘சரி’, ‘பாக்கலாம்’. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வாங்கிவிட முடியாது.

“யாரு அந்த டாக்டரு?”

“டாக்டர் இல்லீங்க. ஷாஹிஸ்தா மேடம், மனநல சமூகப் பணியாளர். சேலத்துல இருந்து போன்லயே வீடியோ கால்ல பேசுவாங்க. குடும்பத்துல என்ன சங்கடம்னாலும் சொல்லலாம். நீங்க தனியாத்தான் பேசணும். பேசுனதை எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டாங்களாம்.”

தனியாகவா? வெளியே சொல்லமாட்டார்களா? கோகுல்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே லாரி ஷெட்டுக்குப் போனான். அங்கே மாரியப்பன் டயர் மேல் குந்தியிருந்தார். ஆக்டிங் டிரைவர். யாராவது டிரைவர் லீவு போட்டால் அந்த டிரிப்பை மட்டும் ஓட்டிக்கொடுப்பவர். போன வருசம் சம்சாரம் தவறியதிலிருந்து அதற்கும் சரியாகப் போவதில்லை. யாரிடமும் பேச்சும் இல்லை.

“மாரியப்பா, ஒரு ஆக்டிங் இருக்குது.”

“வண்டி எதுங்க மொதலாளி?”

“வண்டி இல்லை. நாந்தான்!”

விசயத்தைக் கேட்டு மாரியப்பன் மிரண்டுபோனார். “அய்யோ, எனக்கு என்னங்க பேசத் தெரியும்?”

“பேசவே வேண்டாம். கேமராவை ஆஃப் பண்ணிரு. நான் ஊட்டுல பேசற மாதிரி ஆமா, சரி, பாக்கலாம்னு சொல்லு. டிரிப்புக்குக் குடுக்கற மாதிரியே பேட்டா தர்றேன்.”

மாரியப்பன் லாரி கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கோகுல்ராஜ் கீழே காவல் நின்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளே விசும்பல் கேட்டது. அப்புறம் ஓவென்று அழுகை.

‘அடேயப்பா, என்னா நடிப்புடா!’ கோகுல்ராஜுக்குப் புல்லரித்தது.

இறங்கி வந்த மாரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “மொதலாளி, அடுத்த வாரமும் நானே போறேனுங்க. பேட்டா வேண்டாமுங்க.”

கரும்பு தின்னக் கூலி கேட்காத ஆளை எங்கே பார்க்க முடியும்! கோகுல்ராஜ் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

“என்னங்க சொன்னீங்க மேடங்கிட்ட?” தீபிகா கேட்டாள்.

“அழுதேன்.”

“அழுதீங்களா? நீங்களா?” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உருகிவிட்டாள் என்றே கோகுல்ராஜ் நினைத்தான்.

அதன் பிறகு வாராவாரம் இதே கூத்து. மாரியப்பன் பேச, கோகுல்ராஜ் காவல் நிற்க. தீபிகா குறுக்குக் கேள்வி கேட்டால் மாட்டாமலிருக்க, மாரியப்பனிடம் பாடம் வேறு கேட்டுக்கொள்வான். மாரியப்பனோ முகச்சவரம் செய்தார், டீக்கடையில் அரட்டையடித்தார், குஜராத் டிரிப்புக்கு நான் போறேன் என்றார்.

“இன்னிக்கு என்ன பேசுனே?” ஒருநாள் கேட்டான் கோகுல்ராஜ்.

“உங்க சம்சாரத்துக்கு என்ன புடிக்கும்னு மேடம் கேட்டாங்க. எனக்குத் தெரியலீங்க மொதலாளி. அவ இருக்கறப்ப ஒரு நாளாச்சும் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். இப்ப யாருகிட்டப் போய்க் கேக்கறதுங்க?”

கோகுல்ராஜ் பைக்கை எடுத்தான்.

எந்த டயர் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தீபிகாவுக்கு என்ன பிடிக்கும்? பைக்கில் வீடு வரைக்கும் யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய் நின்றான்.

“தீபி, உனக்கு என்ன புடிக்கும்?”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “ஜேடர்பாளையம் போய்க் காவேரில கால் நனைக்கணும். டிரைவர் வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டணும். போன் ஊட்டுலயே கெடக்கணும்.”

“நாளைக்கே போலாம்!” என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஆனா நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணீட்டேன். கவுன்சிலிங்ல பேசுனது நானில்ல. மாரியப்பன்.”

“தெரியுங்க.”

“தெரியுமா? அப்புறம் ஏன் வாழப்பாடிக்குப் போகலை?”

“போகலாம்னுதான் இருந்தேன். எனக்கு என்ன புடிக்கும்னு கேக்க ஆள் அனுப்பாம இப்ப நீங்களே வந்துட்டீங்களே!” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“சரி, மாரியப்பன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“புக் பண்றப்பவே.”

கோகுல்ராஜ் திருதிருவென்று விழித்தான்.

“சம்சாரம் போனதுல இருந்து அந்த அண்ணன் உள்ளுக்குள்ளயே செத்துட்டு இருந்துச்சு. யாருகிட்டயாச்சும் பேசுங்கண்ணான்னா, எனக்கென்ன பைத்தியமான்னுச்சு. எப்படியாச்சும் லைன்ல கொண்டாந்து விடுங்கன்னாங்க மேடம்.” தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க பேர்ல புக் பண்ணுனா நீங்க யாரை அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியாதாங்க?”