அம்மா செஞ்ச பூசணி

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். பாப்பாவை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாப்பேன். மனசுக்குச் சரியாப் படலேன்னா, என் தங்கச்சி பொண்ணை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

பாப்பாவின் பெரியம்மா போனில் சொன்னதைக் கணவன் அப்படியே சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் தாரமாக வந்த புதிதில் முகம் கொடுத்தே பேசாத குழந்தை, இப்போதுதான் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகியிருக்கிறது.

"பெரியம்மாவுக்கு என்ன செய்யலாம், பாப்பா?"

"அம்மா செய்ற பூசணி, சித்தி! ஓவன்ல வச்சது. இனிப்பா இருக்கும், மிளகு காரமும் இருக்கும். ஓரமெல்லாம் லேசா கருகியிருக்கும்."

செத்துப்போனவளின் பக்குவத்தை அவள் அக்காவுக்கே செய்து வைப்பதா? ஆனால் குழந்தை ஆசையாகக் கேட்டுவிட்டது.

பூசணியை வெட்டும்போது கத்தி இரண்டு முறை வழுக்கியது. வெண்ணெய், வெல்லம், மிளகுத்தூள் எல்லாம் குத்துமதிப்புதான். ஓவனை மூடிய நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

பெரியம்மா செருப்பைக் கழற்றியதும் குழந்தையின் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

"நகம் வெட்டி விடறதில்லையா?"

"வந்து... இன்னிக்கு வெட்டலாம்னு..."

"ம்."

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். துணி அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு குழந்தையை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே என்ன கேட்கிறாளோ! நேற்று பாலைக் கொட்டியதற்குத் திட்டினேனே, அதைச் சொல்லிவிடுமோ? சமையலறையில் நின்றபடி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் ஓவன் ஞாபகமே வந்தது.

சாப்பாட்டு மேஜையில் குழந்தை தட்டைக் காட்டிக் குதித்தது. "பெரியம்மா, அம்மா செய்ற பூசணி! சித்தி செஞ்சாங்க!"

பெரியம்மாவின் கை பாதியில் நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

தொலைந்தோம் என்று நினைத்தாள் இவள்.

பெரியம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். கண் கலங்கியது. மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

"அப்படியே உங்கம்மா கைப்பக்குவம்டி," என்றாள் குழந்தையிடம்.

கிளம்பும்போது இவள் தோளைத் தொட்டாள். "லீவுக்கு மட்டும் அனுப்பி வைம்மா. பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்."

கார் தெருமுனை திரும்பியதும்தான் இவளுக்கு மூச்சு வந்தது.

"கடவுள் காப்பாத்தினாருங்க. குழந்தை சொன்னதை வச்சு ஏதோ செஞ்சேன். பாப்பாவோட அம்மா செய்றது மாதிரியே அமைஞ்சிடுச்சு!"

கணவன் வாசல் கதவைச் சாத்தினான்.

"பாப்பா பிறந்ததிலேருந்து அவ படுத்த படுக்கைதான். அடுப்படிப் பக்கமே போனதில்ல. வாராவாரம் பூசணியைச் செஞ்சு எடுத்துட்டு வந்து, 'அம்மா செஞ்சதுடா கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினது இந்தப் பெரியம்மாதான்."