கைப்பிடி

மேடும் பள்ளமுமான மண்தடத்தில் பைக் பந்தயத்தின் முதல் சுற்று முடிந்து, மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இர்ஃபான் மட்டும் அணைந்த வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். முன்னங்கை இரண்டும் கருங்கல்லாக இறுகிக் கிடந்தன. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் மரத்திருந்தது.

"முட்டியால வண்டியக் கவ்வுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. பயத்துல கையாலேயே தொங்கிட்டு வந்திருக்கான்," என்று மெக்கானிக் சேவியர் தலையிலடித்துக்கொண்டார்.

"மொதல்ல கைய விடுங்க," என்றாள் இர்ஃபானின் மனைவி நிலோஃபர்.

"அப்பவே விட்டுட்டேனே."

குனிந்து பார்த்தான். கையுறைக்குள் பத்து விரல்களும் கைப்பிடியைச் சுற்றி அப்படியே இருந்தன. அவள் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் ஆள்காட்டி விரல் மறுபடி மூடிக்கொண்டது. அடுத்த சுற்றுக்கு விசில் ஊதினார்கள். அவசரத்தில் அவள் தன் கையையே உள்ளே நுழைத்து நெம்பினாள். விரல்கள் அதையும் சேர்த்து மூடின.

"வலிக்குதுங்க... விடுங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கீழே பார்க்கப் பயமாக இருந்தது.

"விட்டுட்டேன் நிலோ," என்றான்.