சோடாவுக்குக் காவல்

"உன்னை நம்பி இதுல இறங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று ஸ்பேனரை டொங்கென்று கீழே வைத்தான் நெட்டை.

மொட்டைமாடிக்கு மேலே லிஃப்ட் மோட்டார் அறை. நிமிர்ந்தால் நெட்டைக்குத் தலை இடிக்கும். மூலையில் சோடா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் வந்த பெயர் அது.

"முடியலைடா நெட்டை. தலை வெடிக்குது. ஒண்ணே ஒண்ணு. சரி, பாதி. ரெண்டே இழுப்பு."

"வாயை மூடிட்டு கிரீஸ் டப்பாவை எடு."

"உனக்கென்னப்பா, நீ வைராக்கியக்காரன்."

வைராக்கியமாவது மண்ணாங்கட்டியாவது. நெட்டைக்கு நாக்கு நமநமவென்றிருந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவிவிட்டு வெறுமனே திரும்பியது. இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் சோடாதான் முதல் ஆளாகக் கடைக்கு ஓடுவான்.

நெட்டை தங்கியிருப்பது அக்கா வீட்டில். அக்காவின் கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு. புகை வாடை பட்டால் போதும், விடாமல் இருமும். "ஒண்ணு சிகரெட்டை விடு, இல்லைன்னா வேற வீடு பாத்துக்கோ" என்று அக்கா சொன்னதுகூட இவனுக்குப் பெரிதில்லை. கையை நீட்டியபடி தவழ்ந்து வந்த குழந்தையை அவள் அவசரமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

கம்பெனியில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நெட்டை எரிந்து விழுந்தான். "சிகரெட்டையே தொடாதவன்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்! இந்த அவஸ்தை என்னன்னு தெரியுமாடா உங்களுக்கு?"

அதோடு எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்திருந்த சோடா மட்டும் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கும் இதே பாடுதாம்பா. தனியா விட முடியலை. சேர்ந்து விடலாமா?"

ஒப்பந்தம் இதுதான். யாருக்கு ஆசை வந்தாலும் அடுத்தவனிடம் சொல்ல வேண்டும். அடுத்தவன் தடுக்க வேண்டும்.

நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் சொல்வது எப்போதும் சோடா, தடுப்பது எப்போதும் நெட்டை என்று ஆகிப்போனது. டீ குடித்து முடித்தால் புலம்பல். மழை தூறினால் புலம்பல். நெட்டைக்கு நாக்கு நமநமக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவனுக்கும் தலை வெடிக்கும். அவனை இழுத்துப் பிடித்து நிறுத்துவதே இவன் பிழைப்பாகிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து அந்தக் கட்டடத்தின் செகரட்டரி மொட்டைமாடிப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"காலையிலேர்ந்து ரெண்டு பேரும் என்னத்தைக் கழட்டுறீங்க? இந்த லிஃப்ட் ஓடுமா ஓடாதா? வேலை தெரிஞ்ச ஆளை அனுப்பச் சொல்லி உங்க ஆபீசுக்கு போன் போடவா?"

அவர் போனதும் நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். போதும். குட்டிச்சுவராய்ப் போகட்டும் எல்லாம்.

"பிரேக் லைனர் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றான், சோடாவின் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது வரும்வரை நிற்க யாருக்குப் பொறுமை? நெட்டை படியில் தடதடவென்று இறங்கினான். ஒண்ணே ஒண்ணு. அக்காவுக்கு எப்படித் தெரியும்? வாயைக் கொப்பளித்துவிட்டால் ஆச்சு. குழந்தையை இன்றைக்கு ஒரு நாள் தூக்காமல் இருந்தால் ஆச்சு.

தெருமுனைக் கடையை எட்டியவன் அப்படியே நின்றான்.

அவனுக்கு முன்னால் அங்கே சோடா நின்றுகொண்டிருந்தான். வாயில் சிகரெட். கடைக்காரரிடம் தீப்பெட்டிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

நெட்டைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பாய்ந்து அந்தச் சிகரெட்டைப் பிடுங்கினான்.

"வெக்கமா இல்லை உனக்கு? நான் படியில இறங்கினதும் நீ லிஃப்டைப் பிடிச்சு ஓடி வந்துட்டியா? எத்தனை நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கோம்! எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல ஊதித் தள்ளிடுவியா? நாளைக்கு உன் வீட்டுல ஒரு குழந்தை உன்கிட்ட கையை நீட்டிட்டு வந்தா, எந்த மூஞ்சியோட தூக்குவ?"

சோடா தலையைக் குனிந்துகொண்டான். கடைக்காரர் நீட்டிய தீப்பெட்டியைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

"நம்ம வண்டி பின்பக்கம்தானே நிக்குது?" என்றான் சோடா மெல்ல.

நெட்டைக்குக் காது சுட்டது. தான் எதற்காக வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிடுங்கியதைக் கசக்கிப் போடக் கையை மூடப் போனான்.

மூடவில்லை.

சிகரெட்டில் புகையிலை நுனி சோடாவின் எச்சிலில் ஊறிப்போயிருந்தது. பஞ்சுப் பக்கம் பொட்டு ஈரம்கூட இல்லை.

நெட்டை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சோடாவைப் பார்த்தான்.

"டேய்... நீ இதுக்கு முன்னாடி எப்பவாவது சிகரெட்டை வாயில வெச்சிருக்கியாடா?"

சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"இதான் முதல் தடவை. ஏன், தப்பாவா வெச்சுட்டேன்?"