சுருதி ஏற்றிய சிரிப்பு

பெனிட்டா உயிரோடு இருந்தபோது, அவள் சிரிப்பில் இரண்டு விநாடியை வெட்டியெடுத்து, பாட்டோடு பொருந்த அதன் சுருதியைக் கொஞ்சம் உயர்த்தி, கணவன் ஜெரால்டு தன் பாட்டுக்குள் சேர்த்திருந்தான். எவ்வளவு உயர்த்தினான் என்று குறித்து வைக்கவில்லை. அசல் பதிவு இருந்த போன் விபத்தில் அவளோடு நசுங்கிப் போனது. அவள் சிரிப்பு வேறெந்தப் பதிவிலும் இல்லை.

மூன்றாம் வருட நினைவுத் திருப்பலி முடிந்து மாமியார் அவனுடைய ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"அவ சிரிப்ப மட்டும் போடுங்க மாப்ள."

மற்ற ஒலிகளை நிறுத்திவிட்டுப் போட்டான்.

"வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு."

சுருதியை இறக்கினான். இன்னும் இறக்கினான். பிறகு சற்றே ஏற்றினான். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் சிரித்தாள்.

"இதுவா அத்த?"

மாமியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"முந்தினதோ என்னமோ. நீங்க சொல்லுங்க மாப்ள. கூட இருந்தது நீங்கதான."

ஜெரால்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டான்.